அடிபட்ட பாம்புக்கு அடைக்கலம்

திருமலையின் ஏழு குன்றுகளையும் ஆதிசேஷனின் ஏழு படங்கள் என்று போற்றும் பூமி இது. பக்கத்தில் உள்ள காளஹஸ்தியின் பெயரிலேயே சிலந்தி, யானையோடு பாம்புக்கும் இடம் உண்டு. தீபாவளி கழிந்த நாலாம் நாள் 'நாகுல சவிதி' என்று புற்றுக்குப் பால் வார்க்க ஊரே திரளுகிறது. அதே பாம்பு மறுநாள் வாசலில் தலை காட்டினால், தடியோடு ஓடி வருவதும் அதே ஊர்தான்!

சித்தூர் மாந்தோப்புகளிலும் கரும்புக் கொல்லைகளிலும் வேலை செய்வோருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கொல்லையில் வேலியாகக் கட்டிய நைலான் வலையில் சாரைப்பாம்பு சிக்கித் தவிக்கும். மழை பெய்த இரவில் வேலூர் சாலையைக் கடக்கும் தண்ணீர்ப்பாம்பின் மேல் லாரிச் சக்கரம் ஏறிவிடும். கிடங்கில் எலிக்கு வைத்த பசை அட்டையில் பாம்புக் குட்டி ஒட்டிக்கொள்ளும். அப்படி உயிரோடு கிடக்கும் பாம்பை என்ன செய்வது?

பழி வாங்குமா?

"அடித்த பாம்பை அரைகுறையாய் விடாதே, பழி வாங்கும்" என்பது பிழைப்புத் தேடி வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த நம்பிக்கை. தெலுங்கிலும் 'பாமு பக' என்று ஒரு சொல் வழக்கு உண்டு. குற்றுயிராய்க் கிடக்கும் பாம்பை அடித்தே தீர்த்துவிடுவது இந்த அச்சத்தால்தான். ஆனால், அடித்தவர் முகத்தை மனத்தில் வைத்துத் தேடி வரும் ஆற்றல் பாம்புக்குக் கிடையாது. காயம் பட்ட பாம்பு தேடுவது ஒன்றே ஒன்று: ஒளிய ஓர் இடம்.

இப்படி அடிபடுபவற்றில் சாரையும் தண்ணீர்ப்பாம்பும் ஏராளம். தெலுங்கர்கள் சாரையை 'ஜெர்ரிபோத்து' என்பார்கள். தண்ணீர்ப்பாம்பை 'நீருகட்டு' என்பார்கள். இரண்டுக்கும் மனிதனைக் கொல்லும் விஷம் இல்லை. சாரை எலியைத் தின்று விளைச்சலைக் காக்கிறது.

தூர நிற்பதே முதல் உதவி

அதற்காகக் கையில் எடுத்துவிடலாமா? கூடவே கூடாது. கட்டுவிரியனைப் போலவே உடலில் பட்டைகள் கொண்ட விஷமற்ற பாம்பும் உண்டு. இருட்டில் யார் பிரித்துப் பார்ப்பது? தவிர, செத்தது போல் கிடக்கும் பாம்பும் கடிக்கும். தூர நின்று, பிள்ளைகளையும் நாயையும் விலக்கி, அது எங்கே போகிறது என்று பார்வையில் வைத்துக்கொண்டு வனத்துறைக்குத் தகவல் சொல்வதே சரியான உதவி.

மஞ்சள் அப்புவது, பால் வைப்பது, முட்டை ஊட்டுவது எல்லாம் கெடுதல். பால் பாம்பின் உணவே அல்ல. வலையில் சிக்கியதை இழுத்தால் தோல் கிழியும். பசையில் ஒட்டியதைப் பிய்த்தாலும் அதே கதிதான். பயிற்சி பெற்றவர்கள் சமையல் எண்ணெய் தடவிப் பொறுமையாகப் பசையை இளக்குவார்கள். வலையைக் கத்தரித்து எடுப்பார்கள்.

அமெரிக்காவில் 'கார்ட்டர் பாம்பு' என்ற கோடு போட்ட சாதுப் பாம்பு தோட்டங்களில் சர்வ சாதாரணம். நம் தண்ணீர்ப்பாம்புக்கு அது ஒன்றுவிட்ட உறவு. அதை வளர்ப்பவர்கள் அங்கே உண்டு. இங்கே பாம்பைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் கொல்வதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகலாம். இரக்கப்பட்டவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மெல்ல ஆறும் புண்

சரியான கைகளில் பாம்புக்கு நடக்கும் வைத்தியம் வியப்பூட்டும். காற்றுப் புகும் பெட்டியில், மண் இல்லாமல், சுத்தமான காகிதம் விரித்துப் படுக்கை போடுகிறார்கள். மண் பட்டால் புண் சீழ் பிடிக்கும். உப்புக் கரைசலால் காயத்தைக் கழுவி, தேவையானால் தையல் போடுகிறார்கள். முதலில் தண்ணீர்தான், இரை பிறகுதான். பாம்புக்குத் தன் உடலில் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. வெதுவெதுப்பான இடம் இருந்தால்தான் செரிமானமும் நடக்கும், புண்ணும் ஆறும். உடலுக்குள் எல்லாம் மெதுவாக நடப்பதால், சில மருந்துகளை மூன்று நாளைக்கு ஒருமுறை போட்டாலே போதும். ஆழமான காயம் ஆற வாரங்கள், ஏன், மாதங்களும் ஆகலாம். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் புதுத் தோல் கொஞ்சம் தெளியும். முதுகெலும்பு முறிந்து பின்பாதி அசையாமல் போனவை மட்டும் பிழைப்பது அரிது.

திருப்பதியில் 1955-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. 2005-ல் அங்கே கால்நடைப் பல்கலைக்கழகமும் அமைந்தது. காயம் பட்ட பாம்பை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்வது வனத்துறையின் பொறுப்பு.

பழகிய கைக்கும் ஆபத்து

திருமலையில் பக்தர்கள் நடக்கும் பாதையில் தென்பட்ட ஆயிரக்கணக்கான பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விட்டுப் பெயர் பெற்றவர், தேவஸ்தான வனப்பிரிவில் பணியாற்றிய பாஸ்கர் நாயுடு. அவரையே 2022 ஜனவரியில் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை பெற்றுத்தான் பிழைத்தார். கைதேர்ந்தவர் கதியே இதுவென்றால், புதியவர் துணிவது எப்படி?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் மாண்டதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். வயலில் கூலி வேலை செய்பவனே அதிகம் பலியாகிறான். கடிபட்டால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

அங்கே போடும் விஷமுறிவு ஊசியும் பாம்பு தந்ததுதான். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். அந்த இருளர்களில் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

புற்றுக்கு வார்க்கும் பாலைப் பாம்பு கேட்கவில்லை. அடிபட்டுக் கிடக்கும்போது இன்னொரு அடி விழாமல் இருந்தால், அதுவே அதற்குச் செய்யும் பூஜை. தடியைக் கீழே போட்டுவிட்டுப் பத்தடி பின்னால் நகர்ந்தால் பாம்பும் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான்.