யாரிடம் கூலி?

பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளையை எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று யோசனை சொல்வதையே ஜீவனமாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களும் யுவதிகளும் இன்று நம்மிடையே தோன்றியிருக்கிறார்கள். அது மிகவும் சந்தோஷப்படத்தக்க விஷயம். ஆயினும் என்ன படிக்க வேண்டும், எவ்வளவு சம்பளம் வரும் என்பவற்றுக்கெல்லாம் முன்பாக அவர்களிடம் நான் கேட்க விரும்புவது, அவர்கள் யாரிடம் கூலி வாங்கப் போகிறார்கள் என்பதே.

இத்தொழிலின் அவசியத்தை அறியப் பொறியியல் சேர்க்கை ஒன்றே போதும். 1997 முதல் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, சிபாரிசுக்கும் செல்வாக்கிற்கும் இடமின்றித் தரவரிசைப்படி இடங்களைப் பகிர்ந்தது. 2007இல் நுழைவுத்தேர்வு நீங்கியபோது, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் ஒன்றே அளவுகோலாகி, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத கிராமத்துப் பிள்ளைகளுக்கும் வழி பிறந்தது. அக்காலத்தில் குடும்பத்தோடு பஸ் ஏறிச் சென்னைக்கு வந்து, திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்துச் சில நிமிஷங்களுக்குள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 2018 முதல் பொதுக் கலந்தாய்வு இணையவழியாக நடைபெறுவதால் பிரயாணச் சிரமம் ஒழிந்தது. தீர்மானிக்கும் சிரமமோ வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு, கலந்தாய்வுக்கு உதவும் சேவை மையத்துக்கு வரும் ஒரு விவசாயியை எண்ணிப் பாருங்கள். மகளுக்குப் பிடித்த கல்லூரி, அவர்கள் எழுதிவந்த விருப்பப் பட்டியலின் நடுவிலே கிடக்கிறது. முதலிடத்தில் இருப்பது, கட்டாயம் கிடைக்கும் என்று அவர் நம்புகிற பக்கத்து ஊர்க் கல்லூரி. "அதை முதல்ல போட்டாத்தானே சார் நிச்சயமா கிடைக்கும்?" என்று கேட்கிறார். "இல்லீங்கய்யா, பாப்பாவுக்கு எது ரொம்பப் பிடிக்குதோ அதை மேலே போடுங்க. அது இல்லைன்னாத்தான் கம்ப்யூட்டர் அடுத்ததைப் பார்க்கும். மேலே ஆசைப்பட்டதால கீழே இருக்கறது கைவிட்டுப் போகாது" என்று விளங்கச் சொல்ல அங்கே ஒருவர் இருந்தால், அந்தப் பெண்ணின் நான்கு வருஷப் படிப்பு மட்டுமன்றி, அதன் பின்னே வரும் வாழ்வும் திசை மாறிவிடக்கூடும். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு கல்லூரிகளில் குறியீட்டு எண்ணைத் தவறாகப் போட்டுவிடுவதும், தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் அதை ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம் என்பதை அறியாமல் கெடுநாளைத் தவறவிடுவதும், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு உரிய காலத்தில் மனுச் செய்யாமல் கட்டணச் சலுகையை இழப்பதும் நடக்கின்றன. அறிவில் குறைவில்லாத குடும்பங்களுக்கே இவை நேர்கின்றன என்பதுதான் வருத்தம் தருவது. பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் இல்லாமையே காரணம்.

ஆளில்லாத அந்த இடத்தில் தரகர் வந்து நிற்கிறார். அவர் இனிமையாகப் பேசுகிறார், வீடு தேடி வருகிறார், யோசனைக்குக் காசு கேட்பதில்லை. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கல்லூரி அவருக்குக் கமிஷன் தருகிறது. நன்கொடை என்ற பெயரால் கட்டாயப் பணம் பிடுங்குவதைத் தடுக்க 1992இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கமிஷனோ கல்லூரியின் விளம்பரச் செலவு போலவே கணக்கில் கரைந்துபோகிறது. எந்தக் கல்லூரி கமிஷன் தரவில்லையோ, அது எத்தனை சிறந்ததாயினும் தரகரின் வாயில் வராது. ஆகையால், கல்லூரியின் உப்பைத் தின்றுகொண்டு மாணவனுக்கு யோசனை சொல்வது இயலாத காரியம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அமெரிக்காவிலே 1976இல் தோன்றிய சுயேச்சைக் கல்வி ஆலோசகர் சங்கம், மாணவரைச் சேர்த்துவிட்டதற்காகக் கல்வி நிலையங்களிடம் பிரதிபலன் பெறலாகாது என்பதைத் தன் உறுப்பினர்களுக்கு விதியாகவே வைத்திருக்கிறது. இங்கும் இத்தொழிலுக்கு வருகிறவர், கூலியைப் பள்ளியிடமிருந்தோ, அரசிடமிருந்தோ, வெளிப்படையாகக் குடும்பத்தாரிடமிருந்தோ மட்டுமே பெறுவதென்று முதல் நாளே நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு வழிகள் இருக்கின்றன. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு வழிகாட்டல், ஆலோசனை ஆகியவற்றில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மைசூரில் உள்ள அதன் மண்டல நிறுவனமும் அதற்கு ஒரு நிலையம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது விதியாதலால், அங்கே நிலையான உத்தியோகமும் உண்டு. அரசுப் பள்ளிகளிலோ, 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் வழிகாட்டலை ஓரளவு கொண்டுபோய்ச் சேர்த்திருப்பினும், அப்பொறுப்பு பெரும்பாலும் பாடம் நடத்தும் ஆசிரியரின் தோள்மேலேயே ஏறியிருக்கிறது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கமோ 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்ற விகிதத்தைச் சிபாரிசு செய்கிறது.

வேலைமுறையைப் பற்றிச் சொல்வதானால், பாஸ்டன் நகரில் 1908இல் தொழில் வழிகாட்டு நிலையத்தை நிறுவிய பிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய்தல் என மூன்றை வலியுறுத்தினார். அவர் மறைந்தபின் 1909இல் வெளியான நூலில் இவை விரிவாக உள்ளன. நம் ஊர் நிலைமைக்கு நான்காவதாகக் குடும்பத்தின் பணநிலையை அறிதலையும் நான் சேர்ப்பேன். விடுதிக் கட்டணம் எவ்வளவு, கல்விக் கடனுக்கு வங்கி என்ன கேட்கும், பெண்ணைத் தொலைவில் அனுப்பத் தாயாருக்குச் சம்மதமா என்பவற்றை மரியாதை குன்றாமல் விசாரித்தறிவது, புத்தகத்தால் மட்டும் கைவராது.

வருமானம் ஆரம்பத்தில் பெரிதாக இராது. மே முதல் செப்டம்பர் வரை மூச்சுவிட நேரமிராது. அதன் கடைசியிலே, சிறப்புத் துணைத்தேர்வில் தேறியவர்களுக்கான துணைக் கலந்தாய்வு வருகிறது. ஒரு பாடத்தில் தவறி, மறுபடி எழுதித் தேறிய அந்தப் பிள்ளைகளைப் பாராட்ட யாரும் வருவதில்லை. பள்ளியும் அடுத்த வகுப்பாரைக் கவனிக்கப் போய்விட்டது. எஞ்சிய இடங்கள் எங்கே, அங்கே விடுதி உண்டா, ஊரிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு என்று அவர்களுக்காக விசாரித்துச் சொல்லும் வேலை, இத்தொழிலில் புதிதாக நுழைகிறவருக்கு இன்றைக்கே காத்திருக்கிறது.