முழங்கால் வலிக்கிறதா? ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள்!

"டாக்டர் ஓடச் சொன்னார். ஓடினேன். முட்டி வலி வந்துவிட்டது. இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்!"

இப்படிச் சொல்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏன், நீங்களே சொல்லியிருக்கலாம்.

கேரித் தீவில் வாழும் ஒருவரைச் சற்று மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். வயது 45. அவருடைய அப்பா பெரட்டுக்கும் வேலைக்காட்டுக்கும் நடந்தே போனவர். மகனுக்கு எல்லாவற்றுக்கும் மோட்டார், கடைத்தெருவுக்குக்கூட மோட்டார்தான். இரத்தத்தைச் சோதித்தார்கள், இனிப்பு நீர் என்று தெரிந்தது. "உடம்பை அசையுங்கள்" என்றார் டாக்டர். மனிதர் ரோஷக்காரர். மறுநாளே இரண்டு மைல் ஓடினார். அடுத்த நாளும் ஓடினார். ஐந்தாம் நாள் படியிறங்கும்போது முழங்காலின் முன்பக்கம் சுருக்கென்றது. "இந்த வயசுல உனக்கு எதுக்குப்பா ஓட்டம்? முட்டி தேஞ்சு போயிடும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓட்டம் நின்றது. சில வாரங்களில் முட்டி ஆறியது. ஆனால் இனிப்பு நீர் ஆறவில்லை!

இது ஒருவர் கதையல்ல. 2019-ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது மூன்றில் ஒருவர் என்ற அளவை நெருங்கியது. ஆகவே, நம்மில் ஒருவர் முட்டி வலிக்குப் பயந்து உட்கார்ந்துவிடுவது சின்ன விஷயமல்ல.

முட்டி தேய்ந்துவிடுமா?

பெரியவர் அன்போடுதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது சரியா? 2017-இல் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். உடல் நலத்துக்காக அளவாக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கு இருந்தது. போட்டிக்காகவே கடுமையாக ஓடியவர்களில் 13.3 விழுக்காடு. ஓட்டம்தான் மூட்டைக் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அளவாக ஓடினால் முட்டி அரைபட்டுப் போகும் என்று நடுங்கவும் வேண்டியதில்லை.

பிறகு ஏன் வலிக்கிறது?

நம் ஆள் செய்த தவறு ஓடியது அல்ல, அவசரப்பட்டது. ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இருதயமும் மூச்சும் பழகிவிடும். தசைநாருக்கும் மூட்டுக்கும் மாதக்கணக்கில் ஆகும். "இன்னும் ஓடலாம்" என்று மூச்சு சொல்லும். முட்டியோ இன்னும் தயாராகியிருக்காது. பிணக்கு அங்கேதான்.

புதிதாக ஓடுபவர்களுக்குப் பெரும்பாலும் வலிப்பது முழங்கால் சில்லைச் சுற்றித்தான். படியிறங்கும்போதும், குந்தும்போதும், வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் இது கூடும். தொடையும் இடுப்பும் பலமாக இருந்தால் சில்லின்மேல் விழும் பாரத்தை அவை பங்கு போட்டுக்கொள்ளும். சிலருக்கு முட்டியின் வெளிப்பக்கம் வலிக்கும். இடுப்பிலிருந்து முட்டி வரை ஓடும் பட்டையான நார் அங்கே உறுத்துவதுதான் காரணம்.

என்ன செய்வது?

முதலில், ஓட்டத்தைக் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வலிக்கு 10 மதிப்பெண் என்று வைத்துக் கொள்ளுங்கள். 3-க்குள் இருந்து, மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் தொடரலாம். அதற்கு மேல் போனால் சில நாள் நடங்கள், அல்லது சைக்கிள் மிதியுங்கள்.

மீண்டும் தொடங்கும்போது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. வாரத்தில் மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாள் ஓய்வு. வலி இல்லாவிட்டால் மட்டும் அடுத்த வாரம் ஓட்டத்தைச் சற்றுக் கூட்டுங்கள். பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

காலை எட்டிப் போடாதீர்கள். சின்னச் சின்ன அடியாக, சற்று அடிக்கடி வையுங்கள். நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினாலே முட்டிக்கு விழும் பாரம் குறைவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஓடாத நாளில் வீட்டிலேயே தொடைக்கு வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். வாசற்படியில் ஒவ்வொரு காலாகப் பத்து முறை ஏறி இறங்குங்கள். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். இரண்டு மூன்று சுற்று செய்யலாம். காசு செலவில்லை. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும், பொறுமை வேண்டும்.

உடல் பருத்தவர்களுக்கு இன்னொரு செய்தி. எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைவதாக 2005-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படிப்பட்டவர்கள் சில வாரம் நடந்துவிட்டுப் பிறகு ஓடுவது நல்லது.

நம் தோட்டத்துப் பாதை

கேரித் தீவு தட்டையான பூமி. கடல்நீர் உள்ளே வராமல் கரை கட்டிக் காத்த மண். முட்டிக்கு இறக்கந்தான் எதிரி. அந்தத் தொல்லை இங்கே இல்லை. ஆனால் தார் ரோட்டின் ஓரம் சாய்ந்திருக்கும். எப்போதும் அந்தச் சாய்விலேயே ஓடினால் சிலருக்கு ஒரு முட்டி மட்டும் வலிக்கும். சமமான இடமாகப் பார்த்து ஓடுங்கள். தோட்டத்துத் திடல் இருந்தால் இன்னும் நல்லது. மழை பெய்த மண்பாதை வழுக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும் பாதையில் இருட்டோடு ஓட வேண்டாம். நன்றாக விடிந்த பிறகே புறப்படுங்கள்.

வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸோ சிலிப்பரோ ஓட்டத்துக்கு ஆகாது. விலை உயர்ந்த சப்பாத்துதான் வேண்டும் என்பதில்லை. காலுக்குப் பொருந்தி, கடிக்காமல் இருந்தால் போதும். இனிப்பு நீர்க்காரர்கள் ஓடி வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துப் புண் இருக்கிறதா என்று சோதியுங்கள். மருந்தோ ஊசியோ போடுபவர்கள், ஓடத் தொடங்குமுன் டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்; சட்டைப் பையில் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஓடாதீர்கள். அவற்றில் சில, சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கேடு செய்யும்.

இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள்

முட்டி வீங்கினாலும், சிவந்து சுட்டாலும், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக் கொண்டாலும், நடக்கையில் நழுவினாலும், காலை ஊன்றவே முடியாவிட்டாலும், இரவில் தூங்கவிடாமல் வலித்தாலும் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். அங்கே கைவைத்தியத்துக்கு வேலையில்லை.

ஓட்டம் என்றால் டாக்டர் மணி ஜெகதீசன் நம் நினைவுக்கு வருவார். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடியவர். உங்கள் ஓட்டம் அது அல்ல. உங்களுக்கு எதிரே கடிகாரம் பிடித்து நிற்க ஒருவரும் இல்லை. உங்களை முந்தப் பார்ப்பது இனிப்பு நீர் ஒன்றுதான். அதை ஜெயிக்க வேகம் வேண்டாம்; நிற்காமல் இருந்தால் போதும்.

நாளைக் காலை விடிந்ததும் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டால், அவரையும் கூப்பிடுங்கள். நடக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்காவது அவர் துணைக்கு வரட்டும்!