இடைத்தரகரின் வேலையை யார் செய்வது?

ஒரு வட்டாரத்தின் சிறு உழவர்களிடமிருந்து காய், கனி, தானியங்களை வாங்கி, தரம் பிரித்து, பெட்டியிட்டு, அதே வட்டாரத்தில் உள்ள கடைகள், விடுதிகள், மருத்துவமனைகள், பள்ளிகள் ஆகியவற்றின் தேவைக்கேற்ப அனுப்பிவைக்கும் அமைப்பை வட்டார உணவு மையம் என்று வேளாண் பொருளியலார் குறிப்பிடுகின்றனர். அமெரிக்க வேளாண்மைத் துறை 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய மையத்தின் வழியே செல்லும் பொருள் எந்த உழவருடையது என்ற அடையாளம் இறுதிவரை அழியாதிருத்தலை அதன் இலக்கணங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. மொத்தச் சந்தையிலோ பல ஊர்க் காய்கள் ஒரே குவியலாகிவிடுவதால், எது யாருடையது என்ற அடையாளம் வாங்குபவரை எட்டுவதில்லை.

உழவரையும் நுகர்வோரையும் நேரடியாக இணைக்கும் முயற்சி தமிழகத்திற்குப் புதிதன்று. பஞ்சாபில் 1987-இல் தோன்றிய ‘அப்னி மண்டி’, ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் தொடங்கிய ‘ரைத்து பஜார்’ ஆகியவற்றின் வழியில், 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. புகைப்பட அடையாள அட்டை பெற்ற உழவருக்கு வாடகையின்றிக் கடையும் எடைத் தராசும் கிடைத்தன. மொத்த விலைக்குச் சற்று மேலாகவும் வெளிக்கடையின் சில்லறை விலைக்குக் கீழாகவும் அன்றாடம் விலை குறிக்கப்பட்டது. இரு தரப்புக்கும் இலாபமான இந்த ஏற்பாட்டின் எல்லையும் அதன் அமைப்பிலேயே அடங்கியிருந்தது. அரை ஏக்கரில் கீரையும் கத்தரியும் பயிரிடுபவர் விடியற்காலையில் வந்து அமர்ந்து, முற்பகலுக்குள் விற்றுத் தீர்த்து ஊர் திரும்பிவிடலாம். இரண்டு ஏக்கரில் தக்காளி பயிரிட்டு, ஒரு பறிப்புக்கு ஐம்பது, அறுபது பெட்டி எடுப்பவரால் அவ்வளவையும் கிலோ கிலோவாக நிறுத்து விற்க இயலாது.

அவருடைய பெட்டிகள் ஒட்டன்சத்திரம் போன்ற சந்தையின் கமிஷன் மண்டிக்குத்தான் செல்கின்றன. மண்டிக்காரர் பல இடங்களில் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் தரகு எடுக்கிறார் என்பதும், விலை சொல்லும் அதிகாரம் அவர் பக்கமே சாய்ந்திருக்கிறது என்பதும் உண்மையே. ஆயினும் நாற்று நடும்போது முன்பணம் தருவது, சரக்கை இறக்கித் தரம் பார்ப்பது, கேரள வியாபாரிக்கும் உள்ளூர்க் கடைக்காரருக்கும் ஏற்றாற்போல் பிரித்து விற்பது, வாங்கியவர் பணம் தராமல் இழுத்தடித்தாலும் உழவருக்கு உடனே பட்டுவாடா செய்வது எனப் பல வேலைகளை அந்த ஒருவரே செய்கிறார். தக்காளிக்கு நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் ஏறத்தாழ 33 காசே உழவரைச் சேர்கிறது என்று ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. எஞ்சிய 67 காசும் யாரோ ஒருவர் சட்டைப்பையில் விழும் கொள்ளை என்று மேடையில் முழங்குவது எளிது; ஆனால் அதில் ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை, அழுகிக் கழிந்தது, சில்லறைக் கடையின் செலவு ஆகிய எல்லாம் அடங்கியுள்ளன. தரகரை நீக்கினாலும் அவர் செய்த வேலைகள் நீங்குவதில்லை என்பதால், அவற்றை மையம் ஏற்றுச் செய்தாக வேண்டும்.

அவ்வாறு ஏற்றுச் செய்த அமைப்புக்கு அண்டை மாநிலத்திலேயே சான்று உண்டு. பெங்களூரில் 1959-இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தோன்றி, பின்னர் எல்லாக் காய்கனிகளுக்கும் விரிந்த ஹாப்காம்ஸ், சுற்றுவட்டாரக் கொள்முதல் நிலையங்களில் உழவரிடமிருந்து வாங்கி, லால்பாக்கைத் தலைமையிடமாகக் கொண்டு, நகரின் தெருவோரக் கடைகளுக்கும் தொழிற்சாலை உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பிவந்தது. மொத்தச் சந்தை நிலவரத்தை ஒட்டி நாள்தோறும் விலை அறிவித்ததும், எடைபோட்ட இடத்திலேயே உழவர் பொறுப்பு முடிந்துவிட்டதும் அதன் பலமாயிருந்தன. வெளியே விலை ஏறும் நாளில் உறுப்பினரே சரக்கைத் தனியாரிடம் கொண்டுசெல்வது இத்தகைய கூட்டுறவுகளுக்கெல்லாம் பொதுவான சோதனை. அதைச் சட்டத்தால் தடுப்பதைவிட ஆண்டு முழுவதும் நிலையான கொள்முதலால் தடுப்பதே நடைமுறைக்கு ஒத்தது.

மையம் என்றதும் குளிர்பதனக் கிடங்கே திட்ட அறிக்கைகளில் முதலிடம் பெறுகிறது. அறுவடைக்குப் பின்னும் காய் சுவாசிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அச்சுவாசம் இரண்டு, மூன்று மடங்கு விரைவதால் விரைவாகக் குளிர்விப்பது பயன்தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அறை உதவாது. கேரட்டுக்கு உகந்தது உறைநிலையை ஒட்டிய குளிர். பழுக்கத் தொடங்காத தக்காளியோ 12 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் பின்பு சரியாகப் பழுக்காது, சுவையும் கெடும். பழுக்கும் தக்காளியும் வாழையும் வெளியிடும் எத்திலீன் என்ற வாயு, பக்கத்தில் வைத்த கீரையையும் பாகலையும் மஞ்சளாக்கிவிடும். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்துக்குக் குளிர் அறையைவிட, காற்றோட்டமாக அமைத்த பட்டறையே மேல். அதை உள்ளூர் உழவர் மின்கட்டணமின்றிச் செய்துவருகின்றனர். ஆகவே அவ்வட்டாரத்தில் என்ன விளைகிறது என்று பார்க்காமல் கட்டிய கிடங்கு பூட்டிக் கிடப்பதில் வியப்பில்லை.

கட்டடத்தைக் காட்டிலும் கடினமானது நடைமுறை மூலதனம், அதாவது வாங்கிய சரக்கின் பணம் திரும்பி வரும்வரை கைவசம் இருக்க வேண்டிய தொகை. உறுதியான வாடிக்கையாளர் கிடைத்தாலும் இச்சிக்கல் தீராது. பிரேசில் 2009-இல் இயற்றிய சட்டத்தின்படி, பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்பப் பண்ணைகளின் விளைபொருளுக்குச் செலவிட வேண்டும் என்றாயிற்று. சத்துணவும் காலை உணவும் வழங்கும் தமிழகத்தில் இப்படி ஒரு விதி வந்தால் வட்டார மையங்களுக்கு உறுதியான வாடிக்கையாளர் கிடைப்பார். ஆனால் அரசு அலுவலகங்களின் பில் ஒரே நாளில் தேறுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குக் கொள்முதல் செய்து, 30 நாள் கழித்துப் பணம் பெறும் மையத்துக்கு 30 லட்சம் ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். உழவர்களே பங்குதாரராகி இத்தகைய மையத்தை நடத்தக்கூடிய நிறுவனங்களுக்கென 2020-இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனத் திட்டத்தில், உறுப்பினர் திரட்டும் பங்குத்தொகைக்கு ஈடாக மத்திய அரசு தருவது அதிகபட்சம் 15 லட்சம். உறுப்பினர் பங்கும் 15 லட்சமானால், இரண்டும் சேர்ந்து அந்த ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாத நிலுவையிலேயே முடங்கிவிடும். அதற்கு மேல் வங்கிக் கடன் பெற, கடன்தொகை 2 கோடி ரூபாய் வரை உத்தரவாதம் அளிக்கும் நிதியம் உள்ளது. அந்தக் கடன் கைக்கு வரத் தாமதமானால், பணத்துக்குக் காத்திருக்க முடியாத உழவர் அடுத்த பறிப்பைப் பழைய மண்டியிலேயே இறக்குவார்.