கட்புலக் கலைக் கல்வியும் மாணவனின் ஆக்கக் கோவையும்

பண்டைத் தமிழர் ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என வழங்கினர். காண்போர் கண்ணுள்ளே தம் தொழிற்றிறத்தை நிறுத்துவோர் என்பது அதன் கருத்து. வண்ணம் தீட்டாது கோடுகளால் மட்டும் அமைத்த உருவத்தைப் ‘புனையா ஓவியம்’ எனத் தனிப்பெயரிட்டு அழைத்ததும் நம் மொழியே. இத்துணைப் பழைமை வாய்ந்த கலையை இன்று நம் பாடசாலை மாணவர் எவ்வாறு பயில்கின்றனர், பள்ளிப் பருவம் முடியும்போது எதனைக் கையிற் கொண்டு வெளியேறுகின்றனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்திரத்தில் திறமைச் சித்தி எய்திய மாணவன் ஒருவனிடம், “நீ வரைந்தவற்றைக் காட்டு” என்று கேட்டால், அவன் பெரும்பாலும் வெறுங்கையனாகவே நிற்பான். பரீட்சை மண்டபத்தில் வரைந்த தாள் பரீட்சைத் திணைக்களத்திற்குச் சென்றுவிட்டது. வகுப்பில் வரைந்தவை பழைய தாளோடு தாளாகப் போய்விட்டன. எஞ்சியிருப்பது ஓர் எழுத்துப் பொறித்த சான்றிதழ் மட்டுமே. அச்சான்றிதழ் அவன் ஒருநாள் நன்றாக வரைந்தான் என்று கூறுமேயன்றி, அவன் எவ்வாறு காண்கிறான், எவ்வாறு சிந்திக்கிறான், எவ்வாறு வளர்ந்தான் என்று கூறாது. இக்குறையை நீக்கும் சாதனமே ஆக்கக் கோவை.

நம் நாட்டிலே சித்திரக் கல்வியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடசாலைகளிற் சித்திரம் என்பது அச்சிட்ட மாதிரிப் படங்களைப் பார்த்து எழுதும் பயிற்சியாகவே பெரிதும் இருந்தது. 1920ஆம் ஆண்டில் சித்திர வித்தியாதரிசியாக இலங்கைக்கு வந்த சாள்ஸ் பிறீகுறோவ் வின்சர் என்பார் இந்நிலையை மாற்ற முயன்றார். மாணவன் தன்னைச் சூழவுள்ள இயற்கையையும் வாழ்க்கையையும் தன் கண்ணாற் கண்டு வரைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. வட மாகாணத்திலே இந்நோக்கினைப் பரப்பியவர் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை ஆவர். 1938ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அவர் தோற்றுவித்த ஓவியர் கழகம் வின்சரின் பெயரையே தாங்கி நின்றது. கொழும்பிலே 1943ஆம் ஆண்டு லயனல் வென்ற், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், மஞ்சுசிறீ முதலியோர் ஒன்றுகூடி அமைத்த ‘43 குழு’ இந்நாட்டு நவீன ஓவியத்தின் திருப்புமுனையாயிற்று.

இவர்களுள் மஞ்சுசிறீயின் வாழ்க்கை நம் பொருளுக்கு மிகவும் இயைபுடையது. இளமையிற் பௌத்த துறவியாக இருந்த அவர், வங்காளத்துச் சாந்திநிகேதனத்திற்குச் சென்று அங்கே ஓவியத்தில் ஈடுபாடு கொண்டார். பின்னர் விகாரை விகாரையாகச் சென்று, அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் பிரதிசெய்து வைத்தார். பல ஆண்டுகளாகச் சேர்ந்த அத்தொகுதி 1977ஆம் ஆண்டு நூலுருப் பெற்றது. 1979ஆம் ஆண்டில் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. தாள்மேல் தாளாக, பொறுமையோடும் ஒழுங்கோடும் சேர்த்து வைக்கும் பழக்கம் ஒருவனுக்கும் அவன் நாட்டிற்கும் எத்துணைப் பயன் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, பரீட்சைகளை நோக்குவோம். நம் கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை, குறித்த நேரத்துள் குறித்த பொருளை வரையும் ஆற்றலையும் கலை வரலாற்று அறிவையும் சோதிப்பது. இவையும் வேண்டுவனவே. ஆயினும் கொழும்பிலே சில பாடசாலைகளில் மாணவர் தோற்றும் இலண்டன் எடெக்செல் சர்வதேசப் பொதுத் தராதரப் பரீட்சையில், சித்திரப் பாடத்தின் மொத்தப் புள்ளியில் 50 சதவீதம் மாணவன் நெடுங்காலம் உழைத்துத் தொகுத்த ஆக்கக் கோவைக்கே உரியது. எஞ்சிய 50 சதவீதமே வெளியிலிருந்து தரப்படும் பொருள்பற்றிய படைப்புக்குரியது. முடிந்த படத்தோடு, அதற்கு முன் வரைந்த பரும்படிப் படங்களும், செய்து பார்த்துக் கைவிட்ட முயற்சிகளும் அங்கே மதிப்புப் பெறுகின்றன. பிறநாட்டுக் கலைக் கல்லூரிகள் பலவும் அனுமதி வேண்டுவோரிடம் பத்து முதல் இருபது வரையிலான ஆக்கங்களைக் கேட்பது வழக்கம். நம் நாட்டிலும், களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த அழகியற் கற்கை நிறுவகத்திலிருந்து 2005ஆம் ஆண்டில் உருவாகிய கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்திற் சேர விரும்புவோர் உயர்தரப் பெறுபேற்றோடு செயன்முறைத் தேர்விலும் தேறுதல் வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புக் கற்கைநெறிக்கும் அத்தகைய தேர்வு உண்டு. அத்தேர்வுகளை எதிர்கொள்ளும் கை, ஒருமாத அவசரப் பயிற்சியால் அமைவதன்று. ஆண்டுக்கணக்காகக் கோவையை நிரப்பிய கையே அங்கு நடுங்காது நிற்கும்.

ஆக்கக் கோவையில் அடங்கவேண்டியவை யாவை? முதலாவது, நேரிற் கண்டு வரைந்தவை. இவற்றிற்குப் பொருள் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பேலியகொடையில் வாழும் மாணவனுக்குக் களனி கங்கை அண்மையில் உள்ளது; அதன் குறுக்கே பாலங்கள் உள்ளன. புறக்கோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீன்சந்தையும் மெனிங் சந்தையும் அவ்வூரிலேயே உள்ளன. மூட்டை சுமப்போனின் வளைந்த முதுகு, தராசைத் தூக்கிய கை, ஈரத் தரையில் விழுந்த விளக்கொளி, அடுக்கிய மீனின் செதிள் என்பன எந்த மாதிரிப் படத்திலும் கிடையாத பாடங்கள். கொட்டாஞ்சேனை மாணவனுக்குப் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடமும், பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கற்றூண்களும் உண்டு. வெள்ளவத்தை மாணவனுக்குக் கடலும் கரையோரப் புகையிரதப் பாதையும் உண்டு. தண்டவாளங்கள் தொலைவிற் சென்று ஒன்றாகக் குவியும் தோற்றமே தூரநோக்கின் முதற்பாடம்.

இரண்டாவது, முன்னோர் ஆக்கங்களைப் பார்த்துக் கற்றவை. களனி விகாரையிற் சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவரோவியங்களும், பொறளைக் கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் தீட்டியவையும் கொழும்பு மாணவன் ஒருநாளிலே சென்று காணத்தக்கவை. ஒரே பொருளை இருவர் கோடு எவ்வாறு வேறுவேறாகக் கையாளுகின்றது என்று குறித்துக்கொள்ளல் பெரும் பயன் தரும். பார்த்து வரைந்ததைப் பார்த்து வரைந்தது என்றே குறிப்பிடல் வேண்டும். பிறர் ஆக்கத்தைத் தனதெனக் காட்டுதல் கோவை முழுவதன் நம்பிக்கையையும் கெடுக்கும்.

மூன்றாவது, ஒரு பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்த வரிசை. சந்தையையே எடுத்துக்கொண்டால், முதலிற் பென்சிற் குறிப்புகள், பின் கரிக்கோலில் ஒளியும் நிழலும், பின் நீர்வர்ணத்தில் நிறச் சோதனைகள், ஈற்றில் நிறைவுற்ற ஓவியம் என்று அமையலாம். இதனைக் காண்பவர் மாணவனின் சிந்தனை சென்ற வழியைத் தெளிவாக அறிந்துகொள்வர். அழியிறப்பரால் அழித்துத் துப்புரவாக்கிய தாளைவிட, திருத்தக் கோடுகள் தெரியும் தாள் இவ்விடத்தில் மதிப்புடையது.

தொகுக்கும் முறையும் கற்க வேண்டியதொன்றே. ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் நாள், இடம், பயன்படுத்திய சாதனம் ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். ஒன்பதாந் தரத்திலேயே தொடங்கி, தவணைதோறும் ஆசிரியரோடு இருந்து சிறந்தவற்றைத் தெரிந்தெடுத்தல் நன்று. வலியனவற்றை முதலிலும் ஈற்றிலும் வைத்து, ஒன்றையொன்று ஒத்தவற்றைக் குறைத்தல் வேண்டும். இருபது சாதாரணப் படங்களைவிடப் பன்னிரண்டு நல்ல படங்கள் மேலானவை. ஈரமும் கறையானும் மிக்க நம் நாட்டிலே தாள்களைத் தட்டையாக, உலர்ந்த இடத்திற் காத்தல் இன்றியமையாதது. அவற்றைப் பகலொளியிற் புகைப்படமெடுத்து வேறோரிடத்திலும் சேமித்து வைத்தல் வேண்டும். போரினாலும் இடப்பெயர்வினாலும் நம் ஓவியர் பலரின் வாழ்நாள் உழைப்பு அழிந்ததை அறிந்த சமூகத்திற்கு இதன் அவசியத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

“சித்திரம் சோறு போடுமா?” என்ற வினாவைப் பெற்றோர் எழுப்புவது இயல்பே. அவ்வினா பொறுப்பிலிருந்து பிறப்பது. அதனை இகழ்தல் தகாது. கட்டடக் கலை, ஆடை வடிவமைப்பு, அச்சும் விளம்பரமும், நூல்களுக்குப் படம் வரைதல், திரைப்படக் கலையாக்கம், பழஞ்சுவரோவியங்களைப் பேணல், ஆசிரியத் தொழில் எனப் பல துறைகள் கட்புலக் கலைப் பயிற்சி உடையவரை வேண்டுகின்றன. தமிழ் மொழிமூலம் உயர்கல்வி பெற விரும்புவோர்க்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இத்துறையில் வாய்ப்பளிக்கின்றன. எனினும் எல்லோருக்கும் இது தொழிலாகும் என்று வாக்களித்தல் இயலாது. மருத்துவனாகவோ கணக்காளனாகவோ ஆகப்போகும் மாணவனுக்கும், ஒரு பொருளை அரைமணி நேரம் கண் அகலாது நோக்கும் பயிற்சி வீண்போகாது என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம்.

செலவைப் பற்றிய அச்சமும் பெரிதன்று. ஒரு பென்சில், ஒரு கரித்துண்டு, ஒருபுறம் அச்சிட்ட பழைய தாள் ஆகியவற்றோடு கோவையைத் தொடங்கலாம். புனையா ஓவியத்திற்கு வண்ணம் வேண்டுவதில்லையன்றோ! ஆண்டுதோறும் கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடைபெற்றுவரும் ‘கலா பொல’ என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தை 1993ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கே சென்று ஓவியரோடு நேரில் உரையாடல் மாணவர்க்குக் கட்டணமில்லாக் கல்வியாகும்.

பாடசாலைகளும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரின் தாள்களையும் வைத்தற்கு ஓர் அலுமாரியும், ஆண்டுக்கொருமுறை கோவைகளைப் பெற்றோர்க்குக் காட்டும் ஒரு நாளும் அமையுமாயின், அது பெருஞ்செலவின்றிப் பெரும்பயன் விளைக்கும். சித்திர பாடவேளையைக் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் கடன்கொடுக்கும் வழக்கமும் குறைதல் வேண்டும். பழைய மாணவருள் இத்துறையில் தேர்ந்தோர் தவணைக்கொருமுறை வந்து கோவைகளைப் பார்வையிட்டு அறிவுரை கூறின், இளைஞர் அடையும் ஊக்கம் சிறிதன்று. பள்ளியை விட்டு வெளியேறும் மாணவன் சான்றிதழோடு தன் கண்ணும் கையும் வளர்ந்த வரலாற்றையும் உடன்கொண்டு செல்லும் நிலையை ஏற்படுத்தல் நம் அனைவரின் கடனாகும்.