ஜன்னலில் ஒரு டம்ளர்

எங்கள் வீட்டிலிருந்து ரமணாசிரமம் நடந்து போகிற தூரம்தான். பௌர்ணமி வந்தால் ஒரு அண்டா புளிசாதம் கிளறி, கிரிவலம் போகிறவர்களுக்கு என் கையாலேயே கொடுப்பேன். யார், எவர் என்று கேட்டதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன மாதம் என் அக்கா மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். காலேஜில் படிக்கிறாள். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு நான் காபி கொடுத்ததையே பார்த்துக்கொண்டிருந்தவள், அவர் போனதும் கேட்டாள்: "சித்தி, நாமெல்லாம் எவர்சில்வர் டம்ளர்ல குடிக்கிறோம். அவங்களுக்கு மட்டும் ஏன் ஜன்னல்ல ஒரு பிளாஸ்டிக் டம்ளர்?"

"அது எங்க மாமியார் வச்ச பழக்கம்டி" என்றேன்.

"டீக்கடையில வச்சா அதுக்குப் பேரு இரட்டை டம்ளர். வீட்டுல வச்சா பழக்கமா?"

எனக்குச் சுருக்கென்றது. "சாப்பாட்டுல எதுக்குடி அரசியலைக் கொண்டு வர்றே?" என்று சத்தம் போட்டேன்.

அவள் கோபப்படவில்லை. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்ட கதையைச் சொன்னாள். பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து, 1925 வாக்கில் தமிழ்நாடே ரெண்டுபட்டதாம். "இலை போடுற இடத்துலதான் சித்தி அரசியலே ஆரம்பிக்குது" என்றாள்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்று சமாளித்தேன். உடனே 2018-ல் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்ததைச் சொன்னாள். சத்துணவு சமைக்க வந்தவர் தலித் பெண் என்பதால் அவர் சமைக்கக் கூடாது என்று ஊரில் சிலர் தகராறு செய்தார்களே, அதுதான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று சாயந்திரம் ஆசிரமத்தில் உட்கார்ந்திருந்தபோது, அழகம்மாள் நினைவு வந்தது. ரமணரின் தாயார். 1916-ல் மகனோடு வந்து தங்கி, மலை மேல் கந்தாசிரமத்தில் சமைத்துப் போட்டவர். மடி, ஆசாரம் எல்லாம் ரொம்பப் பார்ப்பாராம். வெங்காயம் ஆகாதாம். யாராவது மேலே பட்டுவிட்டால், "ஐயோ, மடி போச்சே!" என்கிற மாதிரி மகனே கேலி செய்வாராம். பெற்ற தாயானாலும் இதில் அவர் சலுகை காட்டவில்லை. கோபித்துக்கொள்ளாமல், சிரித்துச் சிரித்தே அந்தப் பழக்கத்தை விடுவித்தார். 1922-ல் அந்த அம்மா சமாதியான இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமமே எழுந்தது. எத்தனையோ வருஷமாக அந்தச் சமாதியைக் கும்பிட்டு வருகிறேன். ஒரு நாளாவது என் வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்ததா?

வருஷத்தில் பன்னிரண்டு நாள் முகம் தெரியாதவர்களுக்குச் சோறு போடுவது சுலபம். தினமும் நம் எச்சில் பாத்திரத்தைத் தேய்க்கிறவருக்கு நாம் குடிக்கிற டம்ளரைக் கொடுக்கத்தான் மனசு வேண்டியிருக்கிறது.

மறுநாள் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் குடித்தார். மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் காபியைத் தொடவில்லை. மூன்றாம் நாள்தான் குடித்தார்.

என்னைக் கலங்க வைத்தது வேறு. குடித்து முடித்ததும் அந்த அம்மா டம்ளரைத் தானே கழுவி, பழையபடி ஜன்னலிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். எத்தனை வருஷம் பழகிய கை! நான்தான் எடுத்து வந்து, எங்கள் டம்ளர்களோடு அடுக்கினேன். இப்போதும் தினமும் அப்படித்தான் நடக்கிறது.

தோழியரே, உங்கள் வீட்டு ஜன்னலையும் ஒரு தடவை பாருங்களேன்.

— ஒரு வாசகி, ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.