வேகாத தண்ணீரும் வெந்த கீரையும்

ராமநாதபுரம் கடற்கரையில் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. உவர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். அதனால் புழங்க ஒரு தண்ணீர், பருப்பு போட ஒரு தண்ணீர் என்று பிரித்தே வைத்திருந்தார்கள். பருப்புக்கு ஊருணித் தண்ணீர்தான். ஊருணி வற்றினால் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்புவார்கள். தனுஷ்கோடியில் அலையடிக்கும் தூரத்திலேயே மணலைப் பறித்தால் நல்ல தண்ணீர் ஊறும் அதிசயம் இன்றும் உண்டு.

இப்படி வந்த தண்ணீரில், மானாமதுரை மண்சட்டியில், ஒரு சொட்டு விளக்கெண்ணெயோடு பருப்பு ஏறும். அடுப்பில் பனைமட்டை. சடசடவென்று எரிந்து சீக்கிரம் அடங்கிவிடும் விறகு அது; பிறகு வேலை பார்ப்பதெல்லாம் தணல்தான். பெண்கள் ஓலை முடையவோ கருவாடு புரட்டவோ போய்விடுவார்கள். திரும்பி வரும்போது பருப்பு மலர்ந்திருக்கும். கீரையை அப்போதுதான் போடுவார்கள், மூடாமல். ஒரு கொதி வந்ததும் இறக்கி, சும்மாடு மேல் சட்டியை வைத்து, இரண்டு பாதத்தாலும் அணைத்துக்கொண்டு மத்தால் கடைவார்கள். சட்டியின் உட்புறச் சொரசொரப்பில் உரசி இலை மசியும். ஆனால் கூழாகாது, நார் நாவில் தட்டும். கடைசியில் சின்ன வெங்காயமும், கிள்ளிப்போட்ட முண்டு மிளகாயும் தாளிப்பு. அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மானாமதுரை மண்பாண்டத்துக்கும் கிடைத்துவிட்டது.

இன்று காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. வராத நாளில் தள்ளுவண்டிக் குடம் இருக்கிறது. 2006 தேர்தலுக்குப் பின் இலவச எரிவாயு அடுப்பு வந்தது, 2011-க்குப் பின் மிக்ஸியும் வந்தது. குக்கரில் நாலு விசில், மிக்ஸியில் ஒரு சுற்று, கீரை தயார். பச்சைக் கூழாக இருக்கும், அவ்வளவுதான் குறை. புகையில் கண் எரிந்து இருமியவர்களிடம் போய்ப் பழைய அடுப்பின் பெருமையைப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்போது மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சட்டியும் பேச்சில் அடிபடுகிறது. சிகாகோவில் இர்விங் நாக்சன் 1940-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. 1971-இல் ‘கிராக்-பாட்’ என்று கடைக்கு வந்தது. அமெரிக்கத் தென்மாநிலத்தார் அதில் கொலார்ட் என்ற தடித்த கீரையைப் புகையூட்டிய பன்றி இறைச்சியோடு மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள். இறங்கிய சாற்றைச் சோள ரொட்டியில் தொட்டுக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற கீழக்கரை வீட்டுக்கு இப்படி ஒரு சட்டி வருவது பெரிய விஷயமில்லை. ஆனால் அதை மூடித்தான் வைக்க வேண்டும். மூடி வெந்தால் கீரையின் அமிலம் ஆவியோடு போக வழியில்லாமல் பச்சையம் சிதைந்து நிறம் கறுக்கும். அகத்தி தாங்கலாம். முருங்கையையும் சிறுகீரையையும் அதில் போடுவது பாவம். பருப்பை மட்டும் அதில் வேகவிட்டு, கீரையை அடுப்பில் பத்து நிமிடம் வதக்கிச் சேர்த்தால் பழைய தணல் செய்த வேலை அப்படியே நடக்கும்.

ஆக, சட்டிக்கும் சூட்டுக்கும் மாற்று கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போனது இலை. கார்த்திகை மழை முடிந்ததும் மானாவாரிக் காட்டில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை என்று மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். காசு கொடுத்து யாரும் வாங்கியதில்லை. விறகுக்கென்று பரப்பிய சீமைக்கருவேலம் அந்தக் காடுகளை மூடிவிட்டது. அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் உத்தரவே போட்டது, மரம் முழுதாகப் போகவில்லை. எரிவாயு வந்தபிறகு வீட்டு அடுப்புக்கு அந்த விறகும் தேவைப்படவில்லை, மூட்டம் போட்டுக் கரியாகத்தான் வெளியூர் போகிறது. சந்தையில் இருப்பது பாத்திக் கீரைக் கட்டு. ராமேசுவரத்தில் கண்ணில் படும் அகத்திக் கட்டோ, அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுத்தவர்கள் பசுவுக்கு வாங்குவது.

உமரிக்கீரை மட்டும் சீமைக்கருவேலத்துக்கு எட்டாத இடத்தில் பிழைத்துக் கிடக்கிறது. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போல உவர் பூத்த ஈரத் தரைதான் அதற்கு வேண்டும். குட்டைச் செடி, சதைப்பற்றான சின்ன இலை. ஒரு தடவை கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டிவிட்டு, பருப்போ இறாலோ தேங்காய்ப்பூவோ சேர்த்து வேகவிட வேண்டும். உப்பு போடவே கூடாது. இலையில் இருப்பதே போதும்.