வழி மாறிய குடலும் வெளிவரும் சீதமும்

பாகான் டத்தோ வட்டாரத்தில் தென்னை, செம்பனைத் தோட்டங்களில் வாழ்வோருக்கு வாய்க்காலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே அடைத்து நீரை வேறு பக்கம் திருப்பினாலும், கீழ் வாய்க்கால் அடியோடு காய்ந்துவிடுவதில்லை. கரையிலிருந்து ஊறும் நீர் அதில் தேங்கத்தான் செய்யும். நம் குடலிலும் இப்படி ஒன்று நடப்பதுண்டு.

பெருங்குடலில் புற்றுநோய், அடைப்பு, காயம் போன்ற காரணங்களால், வயிற்றில் ஒரு வாசல் திறந்து, மலம் அதன் வழியே பையில் விழும்படி டாக்டர்கள் அறுவை செய்வார்கள். இதற்குக் கொலஸ்டமி என்று பெயர். வீடு திரும்பிய பிறகு, நோயாளிக்கு ஆசனவாய் வழியே வழுவழுப்பாக, முட்டையின் வெள்ளைக்கரு போல ஏதோ வெளிவரும். "மலம்தான் பையில் போகிறதே, இது எங்கிருந்து வருகிறது? நோய் திரும்பிவிட்டதா?" என்று மனம் பதறும். வெட்கத்தால் வீட்டாரிடமும் சொல்லாமல், சாப்பாட்டைக் குறைத்துப் பார்ப்பவர்களும் உண்டு.

நேயர்களே, அது சீதம். மலம் வழுக்கிச் செல்வதற்காகப் பெருங்குடலின் உட்புறம் இரவு பகலாகச் சுரப்பது. மலம் வராவிட்டாலும் கீழே எஞ்சியிருக்கும் மலக்குடலுக்கு உயிர் இருக்கிறது. அது தன் வேலையைச் செய்கிறது. ஆகவே பட்டினி கிடப்பதால் சீதம் நிற்காது, உடம்புதான் தளரும். சீதபேதியில் வருவது நோயின் அடையாளம். இங்கே வருவது குடலின் இயல்பு.

அறுவை எல்லாம் ஒரே வகை அல்ல. நோயுற்ற பகுதியை வெட்டியெடுத்து, கீழ்க்குடலின் மேல்முனையை மூடி உள்ளேயே விடுவது ஒரு வகை. 1921-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஹென்றி ஹார்ட்மனின் பெயரே அதற்கு இன்றும் வழங்குகிறது. இதில் சீதம் வருவது சகஜம். குடலை வளைவாக வெளியே இழுத்துத் திறக்கும் வகையில், சீதத்தோடு சிறிது மலமும் கீழே இறங்கலாம். மலக்குடலை முழுதும் எடுத்து ஆசனவாயைத் தைத்து மூடியவர்களுக்கு இப்படிச் சீதம் வராது. தையலில் ஏதாவது கசிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். எனவே, "எனக்குச் செய்தது எந்த வகை?" என்று மருத்துவமனையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிலருக்குச் சீதம் நாளுக்குப் பல தடவை வரும். சிலருக்குச் சில வாரங்களுக்கு ஒரு முறை. மலம் கழிக்கும் உணர்வு வந்தால் கழிப்பறையில் உட்கார்ந்து மெதுவாக வெளியேற்றுங்கள். மூச்சைப் பிடித்து முக்க வேண்டாம். உள்ளேயே தங்கினால் சீதம் காய்ந்து உருண்டையாகி வலி தரும். அதற்கு ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் மருந்து உண்டு. டாக்டரோ தாதியோ சொன்ன பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். விரலை விடுவதும், நீங்களாகவே எனிமா கொடுப்பதும் ஆபத்து. கசிவு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, தோலைக் காக்கும் களிம்பு பூசுங்கள். உள்ளாடையில் மெல்லிய பஞ்சுத் துண்டு வைத்துக்கொண்டால், வேலைக்கும் கோயிலுக்கும் கவலையின்றிப் போய்வரலாம்.

ஆனால் இரத்தம் கலந்து வந்தாலும், சீழ் போலப் பச்சையாகத் துர்நாற்றத்துடன் வந்தாலும், காய்ச்சலோ கடும் வலியோ கண்டாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்கோ தெலுக் இந்தான் மருத்துவமனைக்கோ உடனே செல்லுங்கள். பையில் மலமோ காற்றோ வராமல் வயிறு உப்பி வாந்தி எடுத்தாலும் அவசரம்தான்.

குடலை மீண்டும் இணைக்கக்கூடிய நோயாளிகள் பலர் உண்டு. அது எப்போது என்பதை டாக்டர் சொல்வார். அதுவரை அந்தக் கீழ்க்குடல் காத்திருக்கிறது. சீதம் வருவது அது உயிரோடு இருப்பதற்கு அடையாளம். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், முகம் சுளிக்காமல், "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். வெட்கம் விலகினால்தான், ஆபத்தான அறிகுறியையும் அவர் நேரத்தோடு சொல்வார்.